பெத்கெலெர்ட்டில் நான்கு நாள்: காதில் ஒரு ஊர்க்காரக் குரல்

முதல் நாள், வியாழன்

அம்மா தூங்கிவிட்டாள். ஆற்றுச் சத்தம் கேட்கட்டும் என்று ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்திருக்கிறேன். வேல்ஸின் வடமேற்கில், எரரி மலைகளுக்கு நடுவே இருக்கும் பெத்கெலெர்ட் என்ற சின்ன ஊருக்கு வந்திருக்கிறோம். ஞாயிறு வரை இங்கேதான். அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்று இரவே எழுதிப் போடுகிறேன்.

ஏன் இந்த ஊர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பர்மிங்காமில் நான் வேலை பார்க்கும் வார்டில் ஒரு மூத்த நர்ஸ் இருக்கிறார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவருக்கும் அது பிடித்துவிட்டது. அவர் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில். அம்மா கோவில்பட்டியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறாள், எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்டதும், யோசிக்காமல் "எங்க ஊருக்குப் போ" என்றார். நீங்களும் வாங்க என்றேன். முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்கள்தான் ஆகின்றன, அவரால் வர முடியாது. அதற்குப் பதிலாக அவர் செய்த காரியம் பெரிது. வீட்டில் உட்கார்ந்தபடியே ஊரை மனதுக்குள் நடந்து பார்த்து, இடத்துக்கு ஒன்றாகப் பதினோரு குரல் பதிவுகள் செய்து அனுப்பினார். பாலத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, கல்லறைக்கு ஒன்று என்று.

ஒரு நிபந்தனையும் போட்டார். அந்த இடத்தில் போய் நின்ற பிறகுதான் கேட்க வேண்டும். முன்னாலேயே கேட்டால் அது வெறும் தகவலாகிவிடும் என்றார். நேற்றே எல்லாவற்றையும் போனில் இறக்கி வைத்துக்கொண்டேன். நல்லவேளை. மலைக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விட்டது.

பர்மிங்காமிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். மஹன்த்லெத் என்ற ஊரில் ரயிலை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதி அபெரிஸ்ட்வித்துக்கும் மறு பாதி கடற்கரையை ஒட்டி வடக்கேயும் போகிறது. எந்தப் பெட்டி எங்கே போகும் என்று பார்த்து உட்கார வேண்டும். அதற்கப்புறம் ஜன்னலை விட்டு அம்மா முகத்தைத் திருப்பவே இல்லை. பார்மவுத்துக்கு முன்னால் மௌதக் ஆற்றின் கழிமுகத்தை மரப்பாலத்தில் கடந்தோம். 1867-ல் கட்டிய பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர், தூரத்தில் மலை. "பாம்பன்ல போற மாதிரியே இருக்குட்டி" என்றாள் அம்மா. ஹார்லெக் கோட்டையைப் பாறைமேல் பார்த்தோம். போர்த்மடோக்கில் இறங்கி, அங்கிருந்து பஸ்.

பையை அறையில் வைத்துவிட்டு நேரே பாலத்துக்குப் போனோம். கோல்வின் என்ற சிற்றாறும் கிளாஸ்லின் என்ற ஆறும் இந்த ஊரில் கூடுகின்றன. கூடும் இடத்துக்குப் பக்கத்திலேயே பழைய கல் பாலம். சுற்றி இருபது முப்பது வீடுகள், எல்லாம் கருங்கல் சுவரும் ஸ்லேட் கூரையும். ஆளுக்கு ஒரு இயர்போனாக மாட்டிக்கொண்டு முதல் பதிவைப் போட்டேன்.

ஒவ்வொரு பதிவிலும் அக்கா முதலில் இடத்தின் பெயரை வெல்ஷில் மெதுவாக இரண்டு தடவை சொல்கிறார். அப்புறம்தான் ஆங்கிலம். நான் நிறுத்தி நிறுத்தி அம்மாவுக்குத் தமிழில் சொல்கிறேன். பாலத்துப் பதிவு முழுக்கச் சொல் பாடம். 'பெத்' என்றால் கல்லறை. 'பொன்ட்' பாலம். 'அவோன்' ஆறு. 'மௌர்' பெரியது, 'பாக்' சின்னது. இவை தெரிந்தால் பாதி வேல்ஸைப் பலகை பார்த்தே படித்துவிடலாம் என்றார்.

அப்புறம் அந்த எழுத்து. வெல்ஷில் இரண்டு 'எல்' சேர்த்து எழுதுவது ஒரே எழுத்து, அந்த ஒலி ஆங்கிலத்தில் கிடையாது. "நாக்கை 'ல்' சொல்லும் இடத்தில் வை. குரல் கொடுக்காமல் நாக்கின் ஓரமாகக் காற்றை மட்டும் விடு" என்கிறார் அக்கா. எனக்கு வெறும் காற்றுதான் வந்தது. அம்மாவுக்கு மூன்றாவது தடவையிலேயே வந்துவிட்டது. நான் அசந்து பார்த்தேன்.

"முப்பத்திமூணு வருசம் பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லிக் குடுத்திருக்கேன். நாக்க எங்க வைக்கணும்னு ஒழுங்காச் சொல்லிட்டா எந்த எழுத்தும் வரும். இவங்க நல்லாச் சொல்லித் தாராங்க, நல்ல வாத்தியார்" என்றாள்.

இந்தக் கட்டுரையில் நான் 'லெவெலின்' என்று எழுதும் பெயரில் முதல் எழுத்து அதுதான். தமிழில் எழுத வழியில்லை. படிக்கும்போது கொஞ்சம் காற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. நள்ளிரவு ஆகிவிட்டது, இருந்தாலும் தூக்கம் வரவில்லை.

காலையில் புனித மேரி கோயில். வெளியே இருந்து பார்த்தால் சாதாரணக் கிராமத்துக் கோயில்தான். உள்ளே கிழக்குச் சுவரில் மூன்று உயரமான, ஒடுங்கிய ஜன்னல்கள், பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. காலை வெயில் அவற்றின் வழியாக வந்து விழுந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் இது அகஸ்டீனியத் துறவிகளின் மடம். அதற்கும் முன்னால் வெல்ஷ் துறவிகள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். 1280-களில் மடம் தீப்பிடித்து எரிந்தது. திரும்பக் கட்ட இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு உதவினார். வேல்ஸைப் படை கொண்டு வென்ற அதே அரசர். எட்டாம் ஹென்றி காலத்தில் மடங்களைக் கலைத்தபோது இதுவும் போயிற்று, கோயில் மட்டும் மிஞ்சியது. பதிவு அதோடு முடியவில்லை. அக்கா இங்கே சிறுமியாகப் பாடிய ஒரு வெல்ஷ் பாட்டின் இரண்டு வரியைத் தயங்கித் தயங்கிப் பாடியிருக்கிறார். குரல் நடுங்குகிறது. அம்மா அதை இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

அங்கிருந்து ஆற்றோரமாகத் தெற்கே பத்து நிமிஷ நடை. சமமான பாதை, புல்வெளி, ஆடுகள். ஒரு மரத்தடியில் வேலி கட்டி, உள்ளே நிறுத்திய கற்கள். ஸ்லேட் பலகைகளில் ஒன்று வெல்ஷ், ஒன்று ஆங்கிலம். இதுதான் ஊருக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லும் கெலெர்ட்டின் கல்லறை. கெலெர்ட் ஒரு வேட்டை நாய்.

பதிவைப் போட்டேன். கதை இது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வடக்கு வேல்ஸை ஆண்டவர் லெவெலின், மக்கள் மாமன்னர் லெவெலின் என்று சொல்பவர். அவருக்கு மாமனாரான இங்கிலாந்து அரசர் ஜான் ஒரு வேட்டை நாயைப் பரிசாகக் கொடுத்தார். ஒரு நாள் லெவெலின் வேட்டைக்குப் புறப்பட்டபோது கெலெர்ட்டை மட்டும் காணவில்லை. அது இல்லாமலே போய்விட்டுத் திரும்பி வந்தார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. வாயெல்லாம் ரத்தம்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "நிறுத்து."

நிறுத்தினேன்.

"தொட்டில் கவுந்து கெடக்கும். புள்ளையக் காணோம். நாய்தான் தின்னுட்டுன்னு இவன் கொன்னுருவான். பொறவு பாத்தா புள்ள பத்திரமா இருக்கும். பக்கத்துல ஏதோ ஒண்ணு செத்துக் கெடக்கும். அப்படித்தான்?"

"அப்படித்தான்மா. செத்துக் கிடந்தது ஓநாய்."

"ஏட்டி, இது நம்ம கீரிப்பிள்ள கதையில்லா!"

ஆமாம். எனக்கு ஏன் அது உடனே தோன்றவில்லை என்று தெரியவில்லை. சின்ன வயதில் அம்மா மடியில் படுத்து எத்தனை தடவை கேட்டிருப்பேன். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போன தாய், தொட்டிலுக்குக் காவலாக விட்டுப் போன கீரி, ஊர்ந்து வந்த பாம்பு. திரும்பி வரும்போது வாசலில் வாயில் ரத்தத்தோடு நின்ற கீரியின் மேல் தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிடுவாள். அந்தக் குடம் விழும் இடத்தில் அம்மா எப்போதும் கதையைக் கொஞ்சம் நிறுத்துவாள். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவையாவது அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட மாட்டாளா என்று எனக்கு இருக்கும்.

கற்களுக்கு முன்னால் நின்று அம்மா வாய்விட்டு அந்தக் கதையைச் சொன்னாள், எனக்குத்தான். அப்புறம் ஆசிரியை ஆகிவிட்டாள். "சிலப்பதிகாரத்திலயே வருது. அடைக்கலக் காதை. மாடலன் கோவலனப் பாத்து, நீ செஞ்ச புண்ணியத்தையெல்லாம் வரிசையாச் சொல்லுவான். அதுல ஒண்ணு இது" என்றாள். கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணை, இந்தப் பாவத்துக்கு ஆளான உன் கையால் இனி உண்ண மாட்டேன் என்று விட்டுவிட்டுக் கணவன் வடக்கே போய்விடுகிறான். அவள் புகாரின் தெருக்களில் அழுதுகொண்டு வருகிறாள். கோவலன் அவளை அழைத்து, பொருள் கொடுத்து, பாவம் தீரத் தானம் செய்ய வைத்து, போன கணவனையும் திரும்ப அழைத்து வந்து சேர்த்து வைக்கிறான்.

கல்லறைக் கல்லில் லெவெலின் அதன்பிறகு சிரித்ததே இல்லையாம் என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்துச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், இவனுக்கு ஒரு கோவலன் கெடைக்கலயே" என்றாள்.

பதிவில் பாதி இன்னும் மிச்சம் இருந்தது. மீண்டும் போட்டேன். அக்கா குரல் இப்போது மாறியிருந்தது. கேட்பவர் மனம் நோகாமல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டுமே என்ற தயக்கத்தோடு பேசினார். இந்தக் கற்களை நட்டது லெவெலின் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தெற்கு வேல்ஸிலிருந்து வந்து இங்கே கோட் ஹோட்டலை நடத்திய டேவிட் பிரிச்சர்ட் என்பவர். மலை பார்க்கவும் காட்சி வரையவும் பயணிகள் வர ஆரம்பித்த காலம் அது. ஊருக்கு ஒரு கதை இருந்தால் வருகிறவர்கள் தங்குவார்கள். தன் ஊர்ப் பக்கத்தில் கேட்டிருந்த நாய்க் கதையைக் கொண்டுவந்து இந்த ஊரின் பெயரோடு சேர்த்து, கல்லையும் நட்டுவிட்டார். வில்லியம் ராபர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலக் கவிஞர் 1800-ல் இந்தக் கதையைக் கவிதையாக எழுதினார், அது நாடெங்கும் பரவிவிட்டது. ஊர்ப் பெயரோ மிகப் பழையது. 1258-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே 'பெகெலெர்ட்' என்று இருக்கிறது. கெலெர்ட் என்பவர் பெரும்பாலும் இங்கே வாழ்ந்து மறைந்த ஒரு பழைய துறவியாக இருக்கலாம்.

"பள்ளிக்கூடத்தில் இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து அழுதேன்" என்று முடிக்கிறார் அக்கா. "ஆனாலும் ஊருக்குப் போகும்போதெல்லாம் இங்கே வராமல் இருந்ததில்லை."

அம்மாவுக்கு இதில் எந்த ஏமாற்றமும் இல்லை. "கல்லு வேணா அந்த ஓட்டல்காரர் நட்டதா இருக்கட்டும். கதையை அவரா உண்டாக்குனாரு?" என்று கேட்டாள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அந்த ஹோட்டல்காரருக்கு முன்பே வெல்ஷில் ஒரு பழமொழி உண்டு. தன் வேட்டை நாயைக் கொன்றவனைப் போல வருந்துகிறேன் என்பது அது. பிரான்சில் லியோன் பக்கத்தில் பாம்பிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றிக் கொலையுண்ட வேட்டை நாயைப் புனிதராகவே மக்கள் கும்பிட்டதை, பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரு பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். அந்த நாயின் பெயர் கீன்போர். பஞ்சதந்திரத்தில் கீரி. அங்கிருந்து பாரசீகம், அரபு வழியாக மேற்கே போகப் போகக் கீரி நாயாகிவிட்டது. இங்கெல்லாம் கீரி கிடையாதே. நாட்டார் கதைகளின் கூறுகளையெல்லாம் எண் போட்டுத் தொகுத்த ஸ்டித் தாம்சனின் அட்டவணையில் லெவெலினின் நாய்க்குப் பக்கத்திலேயே, அதன் உட்பிரிவாக, கீரியைக் கொன்ற பெண் இருக்கிறாள். ஊருக்குள் விடுதி வைஃபை இருப்பதால் இப்போதுதான் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அம்மாவை எழுப்பிச் சொல்லலாமா என்று இருக்கிறது. காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள், சனி

விடியற்காலையில் நான் மட்டும் அபெர்கிளாஸ்லின் கணவாய்க்குப் போனேன். மீனவர் பாதை என்று பெயர். கிளாஸ்லின் ஆறு இரண்டு மலைகளுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு பாய்கிற இடம். பாறைமேல் ஏறி இறங்க வேண்டும், சில இடத்தில் சுவரில் அடித்த இரும்புக் கைப்பிடியைப் பிடித்துத்தான் தாண்ட முடியும். மழை ஈரத்தில் அம்மாவைக் கூட்டிப் போக மனமில்லை. தண்ணீர் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறம். வெல்ஷில் 'கிளாஸ்' என்ற சொல்லே இரண்டுக்கும் வரும் என்று அக்கா சொல்லியிருந்தார்.

பாலத்தில் போய் நின்று பதிவைக் கேட்டேன். மிகச் சின்னப் பதிவு, இரண்டு நிமிஷம்கூட இல்லை. 'அபெர்' என்றால் கழிமுகம், ஆறு கடலில் சேரும் இடம். நான் நிற்கும் பாலத்திலிருந்து கடல் பல மைல் தள்ளி இருக்கிறது. பிறகு ஏன் இந்தப் பெயர்? ஒரு காலத்தில் கடல் இங்கே வந்தது, அதனால்தான். வில்லியம் மடாக்ஸ் என்பவர் கழிமுகத்தின் வாயில் ஒரு மைல் நீளத்துக்குக் கரை எழுப்பி 1811-ல் கடலைத் தடுத்தார். உள்ளே இருந்த சதுப்பெல்லாம் மேய்ச்சல் நிலமாயிற்று. அந்த நிலத்துக்கு இன்றும் பெயர் திரைத் மௌர். 'திரைத்' என்றால் கடற்கரை. பெரிய கடற்கரையில் இப்போது மாடு மேய்கிறது.

"கடல் போய் இருநூறு வருஷம் ஆகிவிட்டது. எங்கள் மொழி இன்னும் அதற்கு இடம் வைத்திருக்கிறது" என்றார் அக்கா. பாலத்துச் சுவரில் கை வைத்துக்கொண்டு அதை மூன்று தடவை கேட்டேன். தனியாகத்தான் இருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

திரும்பி வந்து அம்மாவோடு சிகன் செப்புச் சுரங்கம். ஊரிலிருந்து வடகிழக்கே ஒரு மைல். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இங்கே செம்புக் கனிமம் வெட்டியிருக்கிறார்கள். கட்டுப்படியாகாமல் 1903-ல் மூடிவிட்டார்கள். 1986-ல் பார்வையாளருக்காகத் திறந்தார்கள். தலைக்கவசம் கொடுத்து நம்மையே உள்ளே அனுப்புகிறார்கள், வழிகாட்டி யாரும் கூட வருவதில்லை. அங்கங்கே நிற்கும் இடத்தில் பதிவு செய்த விளக்கம் ஒலிக்கிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வேலை செய்தது, கையால் துளை போட்டு வெடிமருந்து அடைத்தது, பையன்களும் வேலைக்கு வந்தது என்று அந்தக் குரல் சொல்கிறது. நல்ல தயாரிப்பு. ஆனாலும் இரண்டு நாளாக அக்கா குரலைக் கேட்டுப் பழகிய எனக்கு இதில் யார் பேசுகிறார், அவருடைய தாத்தா இங்கே வேலை பார்த்தாரா என்று கேட்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.

குனிந்து போகும் குகைப் பாதை, சில்லென்ற காற்று, மேலிருந்து சொட்டும் தண்ணீர். கூரையிலிருந்து இரும்புத் துரு நிறத்தில் கசிவுப்பாறைகள் தொங்குகின்றன. அதற்கு நடுவில் சுவரில் பச்சைக் கோடுகள். அம்மா விரலை நீட்டினாள். "களிம்பு!"

அவளுக்கு அது புதிதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் புளி போட்டுத் தேய்த்து எடுக்கிற பச்சை. ஆச்சியின் செப்புக் குடம் இன்னும் வீட்டில் இருக்கிறது. "ஒரு குடம் செய்ய எவ்வளவு கல்ல ஒடைக்கணுமோ" என்று சொல்லிக்கொண்டே படி ஏறினாள். படிகள் நிறைய. மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை. குகைக்குள் ஏறிக்கொண்டே போய் மலைச்சரிவில் உயரமான இடத்தில் வெளியே வருகிறோம். எதிரே பள்ளத்தாக்கு முழுதும் தெரிகிறது. சுரங்கத்தின் கடைசிக் காலத்தில் அதை வாங்கிய எல்மோர் குடும்பத்தார், பொடித்த கல்லோடு எண்ணெய் கலந்து கனிமத்தை மட்டும் மிதக்கவைத்துப் பிரிக்கும் முறைக்கு முன்னோடிகள். இன்றைக்கு உலகம் முழுக்கச் செம்பு எடுக்கும் மிதப்பு முறை அப்படித் தொடங்கியதுதான்.

வெளியே வந்து நின்ற இடத்திலிருந்து தினாஸ் எம்ரிஸ் குன்றைத் தேடிக்கொண்டிருந்தோம். ஏற நேரமும் இல்லை, மழையும் பிடித்துக்கொண்டது. அக்கா பதிவில் கதையை மட்டும் கேட்டோம். குர்தெயர்ன் என்ற அரசன் கோட்டை கட்டக் கட்ட இரவில் இடிந்துவிடுகிறது. தந்தையில்லாத சிறுவன் ஒருவனைப் பலி கொடுக்கச் சொல்கிறார்கள். கொண்டுவந்த சிறுவன் எம்ரிஸ், அடியில் ஒரு குளம் இருக்கிறது, அதில் ஒரு சிவப்பு டிராகனும் ஒரு வெள்ளை டிராகனும் சண்டை போடுகின்றன, தோண்டிப் பாருங்கள் என்கிறான். சிவப்பு வென்றது. வேல்ஸின் கொடியில் இருப்பது அதுதான். 1950-களில் அந்தக் குன்றின்மேல் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். மேலே உண்மையிலேயே பழைய குளம் ஒன்று இருந்ததைக் கண்டார்கள்.

மாலையில் ஒரு கடையில் டீயும் பாரா பிரித்தும். உலர்ந்த பழங்களை டீயில் ஊறவைத்துச் செய்யும் ரொட்டி, மேலே வெண்ணெய் தடவித் தருகிறார்கள். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது, இரண்டு துண்டு பார்சல் வாங்கிக்கொண்டாள். பக்கத்து மேசையில் ஒரு தாத்தாவும் பேத்தியும் வெல்ஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கேட்க வேண்டும் என்று அக்கா சொன்ன மொழிப் பதிவை அங்கேதான் கேட்டோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில பள்ளிகளில், வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் வெல்ஷில் பேசுகிறார்களோ அவர்கள் கழுத்துக்கு அது மாறும். நாள் முடிவில் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. நான் தமிழில் சொல்லி முடித்ததும் அம்மா ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். "அடுத்த பிள்ளையக் காட்டிக் குடுத்தாத்தான் தான் தப்பிக்க முடியும். எந்த வாத்தியாருக்கு மனசு வந்துச்சு?" என்றாள். அவள் வகுப்பறையில் இருந்த வருஷங்கள் அத்தனையும் அந்தக் கேள்வியில் இருந்தது.

2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் வெல்ஷ் பேசுகிறவர்கள் 17.8 சதவீதம், சுமார் 5,38,000 பேர். இந்தக் குவினெத் மாவட்டத்தில் மட்டும் 64.4 சதவீதம். 1588-ல் வில்லியம் மோர்கன் பைபிள் முழுவதையும் வெல்ஷில் கொண்டுவந்தது மொழிக்கு ஒரு வேர் கொடுத்தது என்கிறார் அக்கா. இப்போது இந்தத் தேசியப் பூங்காவே ஸ்நோடோனியா என்ற ஆங்கிலப் பெயரை முன்வைக்காமல் எரரி என்றே சொல்லிக்கொள்கிறது. 2022-ல் எடுத்த முடிவு. 1,085 மீட்டர் உயரமான அதன் சிகரமும் இப்போது அர் உய்த்வாதான்.

எழுந்து போகும்போது அம்மா அந்தத் தாத்தாவைப் பார்த்து "நோஸ் தா" என்றாள். இரவு வணக்கம். அவர் ஒரு நொடி திகைத்துப் போய், பேத்தியைத் தொட்டுக் காட்டி, இருவரும் சேர்ந்து திரும்பச் சொன்னார்கள்.

நான்காம் நாள், ஞாயிறு

போர்த்மடோக்கில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது எழுதுகிறேன்.

காலையில் எழுந்ததும் அம்மா கேட்டாள், "இவங்க நமக்குப் பதினோரு கதை சொல்லிருக்காங்க. நாம ஒண்ணாவது திருப்பிச் சொல்ல வேண்டாமா?"

மழை விட்டிருந்தது. மறுபடியும் கல்லறைக்குப் போனோம். பக்கத்தில் இடிந்த கல் வீடு ஒன்று இருக்கிறது, உள்ளே வெண்கலத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு அம்மா கற்களுக்கு முன்னால் போய் நின்றாள். போனைக் கையில் வாங்கவில்லை, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். இரண்டு கையும் வேண்டுமாம் கதை சொல்ல.

"கீரிப்பிள்ளை" என்று முதலில் மெதுவாகச் சொன்னாள். இன்னொரு தடவை சொன்னாள். அக்காவின் முறை அது. அப்புறம் தமிழிலேயே கதை. குடம் விழும் இடத்தில் நிறுத்தினாள், எப்போதும் போல. ஆற்றுச் சத்தம் மட்டும் பதிவாகியிருக்கும். கோவலன் வரை சொல்லி முடித்தாள். ஐந்து நிமிஷம். கடைசியில் நான் ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்லி, லெவெலினுக்கு ஒரு கோவலன் கிடைக்கவில்லையே என்று அம்மா வருத்தப்பட்டதையும் சேர்த்தேன்.

திரும்புவதற்கு வெல்ஷ் ஹைலேண்ட் நீராவி ரயில். தண்டவாளம் இரண்டடிக்கும் அரை அங்குலம் குறைவு. 1930-களில் மூடி, போர்க்காலத்தில் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தன்னார்வலர்கள் வருஷக்கணக்காக உழைத்துத் திரும்பப் போட்டு, 2011-ல் கெர்நார்வோனிலிருந்து போர்த்மடோக் வரை நாற்பது கிலோமீட்டரும் ஓட ஆரம்பித்தது. இழுக்கும் பெரிய எஞ்சின்களில் பெரும்பாலானவை மான்செஸ்டரில் செய்து தென்னாப்பிரிக்காவுக்குப் போய், அங்கே உழைத்துவிட்டுத் திரும்பி வந்தவை. நேற்று நான் நடந்த கணவாயைச் சுரங்கப் பாதைகள் வழியாகக் கடந்ததும் சட்டென்று வெளி திறந்துவிட்டது. தட்டையான பச்சை நிலம், மாடுகள், ஓடைகள். "இதுதான் திரைத் மௌர்" என்றேன். அம்மா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, அந்தப் புல்வெளியைக் கடல் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டு வந்தாள்.

போர்த்மடோக் வந்ததும் சிக்னல் வந்தது. பதிவை அனுப்பினேன். கால் மணி நேரத்தில் அக்காவிடமிருந்து பதில் குரலாகவே வந்திருக்கிறது. முதலில் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம் "கீ-ரி" என்றார். "கீரிபில்-லை. கடைசி எழுத்து எனக்கு வரவில்லை. நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்" என்றார்.

அம்மா இப்போது நடைமேடை பெஞ்சில் என் போனை வாய்க்கருகில் வைத்துக்கொண்டு, ளகரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.